பெரியம்மாவின் பார்ட் டூ ஆர்டர்

பட்டாளத்துக்காரருக்கு வருஷத்தில் இரண்டு மாதம் ஆண்டு விடுப்பு. நடுவில் ஒரு மாதம் போலக் கேஷுவல் லீவு. மிச்சமெல்லாம் சர்க்காருக்கு. இந்தக் கணக்கை எனக்குச் சொன்னவர் பெரியப்பா இல்லை, பெரியம்மா. 1965-இல் கல்யாணம். 1985-இல் பெரியப்பா பென்ஷனில் வந்தார். நடுவே அம்பாலாவில் ஃபேமிலி குவார்ட்டர்ஸ் கிடைத்த மூன்று வருஷத்தையும் சேர்த்தால்கூட, அந்த இருபது வருஷத்தில் இருவரும் சேர்ந்து குடித்தனம் செய்தது ஏழு வருஷத்துக்குச் சற்று மேல். மீதிக் காலம் முழுக்க மாமனார், மாமியார், கல்யாணமாகாத இரண்டு நாத்தனார்கள், கறவை மாடுகள், மூன்று பிள்ளைகள். எல்லாம் பெரியம்மா பொறுப்பு.

வேலூர்ப் பக்கம் இது புதுக்கதை இல்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அங்கே பட்டாளத்துக்குப் போகாத குடும்பத்தைத் தேட வேண்டும். எங்கள் ஊர் அந்த அளவுக்கு இல்லை என்றாலும், பெரியப்பா உட்படத் தெருவுக்கு நாலு பேராவது ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சேப்பர்ஸில் இருந்தார்கள். பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் பயிற்சி, அப்புறம் வடக்கே எங்கேயோ. அந்த 'எங்கேயோ'வுக்கு ஒரே விலாசம்தான்: நம்பர், ரேங்க், பேர், கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. லடாக்கா, ராஜஸ்தானா என்று கடிதம் எழுதுகிறவளுக்குத் தெரியாது.

மணி ஆர்டர் ஃபாரத்தின் அடியில் சேதி எழுத ஒரு துண்டு விட்டிருப்பார்கள். பெரியப்பா அதில் இரண்டு வரி எழுதுவார். 'சௌக்கியம். மாட்டுக்குத் தடுப்பூசி போடவும்.' அந்தத் துண்டுகளைப் பெரியம்மா ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார். பலசரக்குக் கடையில் பில் குத்துகிற அதே கம்பி. ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்திலும் அந்த மாதச் செலவு பென்சிலில் எழுதியிருக்கும். ஐந்தாவது வரைதான் படிப்பு, ஆனால் கூட்டலில் ஓர் இடத்திலும் தப்பு இருக்காது. முன்பக்கம் புருஷன், பின்பக்கம் கணக்கு. இதைவிட நேர்மையான குடும்ப வரலாற்றை நான் படித்ததில்லை.

1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது மட்டும் கணக்கு எழுதவில்லை. ஷகர்கர் பக்கம் பசந்தர் ஆற்றங்கரையில், டாங்குகள் கடந்துபோகக் கண்ணிவெடி வயலில் பாதை திறந்தது மெட்ராஸ் சேப்பர்ஸைச் சேர்ந்த 9-ஆவது இன்ஜினியர் ரெஜிமென்ட். இதெல்லாம் நான் பிற்பாடு புத்தகத்தில் படித்தது. ஊரில் அப்போது இருந்தது பஞ்சாயத்து ரேடியோவும் தந்திக்காரர் மேல் பயமும். தந்தி என்றாலே சேதியைப் படிக்கும் முன் ஒப்பாரி தொடங்கிவிடும் காலம். தபால்காரரிடம் பெரியம்மா முன்கூட்டியே சொல்லி வைத்தாராம்: "தந்தி கிந்தி வந்தா மாமியார் கையில குடுத்துடாத. கொல்லப் பக்கமா வந்து என்னாண்ட குடு." வந்தது தந்தி இல்லை. ஜனவரியில் ஓர் இன்லேண்டு லெட்டர், வழக்கமான இரண்டு வரியோடு.

பென்ஷனில் வந்த பெரியப்பா கறுப்பு டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்த கையோடு வீட்டை ஏற்று நடத்தப் பார்த்தார். நாலரைக்கு எழுந்து எல்லாரையும் எழுப்புவது, செருப்புகளை வரிசையில் வைக்கச் சொல்வது. அதையெல்லாம் பெரியம்மா பொறுத்துக்கொண்டார். பெரியம்மா மேற்கே ஓர் ஏக்கர் நிலம் வாங்கியிருந்தது பெரியப்பாவுக்குத் தெரிந்ததும்தான் வெடித்தது.

"யாரக் கேட்டு வாங்கின?"

"யாராண்ட கேக்கணும்? ஐம்பத்தாறு ஏ.பி.ஓ.வாண்டயா?"

அதற்கப்புறம் பெரியப்பா பசுமாட்டையும் ரம் கோட்டாவையும் மட்டும் நிர்வகித்தார். தோற்றுப்போனார் என்று சொல்ல மாட்டேன். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து பழகிய மனிதர், யாரிடமிருந்து உத்தரவு வரும் என்பது தெளிவானதும் நிம்மதியாகிவிட்டார்.

பெரியப்பா காலமான பிறகு பெரியம்மாவின் கீர்த்தி ஊர் தாண்டியது. டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு பேர், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவில் ஒரு பேர், ஆதாரில் மூன்றாவது பேர் என்று முழிக்கிற மிலிட்டரிக்காரர் பெண்டாட்டிகள் எல்லாரும் வந்து சேர்கிற இடம் அவர் திண்ணைதான். எந்தக் காகிதத்துக்கு எந்த அஃபிடவிட், ஈ.சி.ஹெச்.எஸ். மருத்துவத் திட்டக் கார்டுக்கு என்னென்ன நகல் என்று மனப்பாடம். நவம்பரில் உயிர்ச் சான்றிதழுக்காக விரல் ரேகையை எந்திரம் பிடிக்காத கிழவிகளை, முதல்நாள் ராத்திரியே தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டுக் காலையில் துடைத்துவிட்டு வரச் சொல்வார். களையெடுத்துத் தேய்ந்த விரல்கள். உயிரோடு இருப்பதை நிரூபிக்க எண்ணெய் தேவைப்படுகிறது. புதிதாகக் கல்யாணமாகி வரும் மருமகள்களுக்கு அவர் தரும் உபதேசம் ஒன்றே ஒன்று: "கொழந்த பொறந்தா பேரு வைக்கறதுக்கு முன்னாடி பார்ட் டூ ஆர்டர் போடச் சொல்லு." கல்யாணமும் பிள்ளைப் பேறும் அந்த ஆர்டரில் ஏறினால்தான் பட்டாளத்தின் கணக்கில் நடந்ததாக அர்த்தம். ஏறாமல் விட்டவர்கள் முப்பது வருஷம் கழித்துப் படும் பாட்டை அவர் பார்த்திருக்கிறார்.

சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் என்பது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். இது குறைவு என்று எனக்குக் கோபம் உண்டு. பெரியம்மாவுக்கு இல்லை. "நான் எந்தச் சண்டைக்குப் போனேன்?" என்பார். வாதாடிப் பயனில்லை.

2022-இல் பட்டாளத்துக்கு ஆளெடுக்க அக்னிபத் திட்டம் வந்தபோது, என் சித்தப்பா பேரன் மனுப் போடக் கிளம்பினான். பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்தபடி விசாரணை நடத்தினார்.

"எத்தினி வருஷம்?"

"நாலு வருஷம் பாட்டி. நூத்துல இருபத்தஞ்சு பேர மட்டும் அப்புறம் வெச்சிப்பாங்க."

"பென்ஷன்?"

"நாலு வருஷத்துக்குக் கெடையாது. வெளிய வரும்போது பதினோரு லட்சத்துக்கு மேல மொத்தமா குடுப்பாங்க."

"கல்யாணம்?"

"அந்த நாலு வருஷமும் பண்ணிக்கக் கூடாது."

பெரியம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "அப்ப பணத்த யாருக்குடா அனுப்புவ?"

"அம்மாவுக்குத்தான்."

"அவளுக்குக் கணக்கு வராதே," என்றார். "என் பேருக்கு அனுப்பு."