கன் பிடிக்கிறவரும் துணி பிடிக்கிறவரும்

கார் கழுவும் வேலையில் எது மோசமானது என்று கார் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் சக்கரம் என்பார்கள். பிரேக் தூசி படிந்து கறுத்துப்போன அலாய் வீலின் இடுக்கில் விரல் நுழையாது. கழுவுகிறவர்களிடம் கேட்டால் வாந்தி என்பார்கள். பொம்மையார்பாளையத்தை ஒட்டிய கிழக்குக் கடற்கரைச் சாலையின் வாட்டர் வாஷ் கடைகளில் இதற்கு வேறு பதில் கிடைப்பது கடினம். புதுச்சேரியில் சரக்கு மலிவு. சென்னையிலிருந்து வார இறுதிக்கு வருகிற வண்டிகள் ஞாயிறு மாலை இந்த வழியாகத்தான் திரும்புகின்றன. வாடகைக்கு எடுத்த வண்டியாக இருந்தால் திருப்பிக் கொடுப்பதற்குள் நாற்றம் போயாக வேண்டும். அவசரம் வேறு.

வாந்தியைத் துடைப்பது தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிற வேலை இல்லை. ஊற்றினால் சீட்டின் ஸ்பாஞ்சுக்குள் இறங்கிவிடும், இரண்டு நாளில் வண்டி முழுக்க நாறும். முதலில் கெட்டியாக இருப்பதை அட்டை வைத்து வழித்தெடுக்க வேண்டும். ஆப்ப சோடா தூவிக் காத்திருக்க வேண்டும். பிறகு ஷாம்பு போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, வாக்யூமில் ஈரத்தை உறிஞ்ச வேண்டும். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து, திரும்பச் சுருண்டுகொள்ளாதபடி கிளிப் போட்டுக் கழுவி, காய்ந்த பிறகே உள்ளே விட வேண்டும். பெல்ட் மாட்டுகிற பூட்டின் துளையிலும் சீட் நகர்கிற தண்டவாளத்திலும் போய்த் தங்கியதை காது குடைகிற பட்ஸால்தான் எடுக்க முடியும். இவ்வளவையும் ஒருவர் காருக்குள் தலையைக் கவிழ்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிறார். கையுறையை நான் போன எந்தக் கடையிலும் பார்க்கவில்லை.

மற்றவையும் இருக்கின்றன. வெளிக்கதவில் வழிந்து காய்ந்த பாக்கு எச்சில். கடற்கரை மணல் ஏறிய மேட். பம்பருக்குள் சிக்கியிருக்கிற, சாலையில் அடிபட்ட நாயின் முடி. ரேம்பில் ஏற்றிய வண்டிக்கு அடியில் நின்று சேசிஸில் தண்ணீர் அடித்தால் சேறு முகத்தில்தான் விழும். சக்கரத்துக்கு அடிக்கிற அமிலக் கரைசல் நகக்கண்ணைத் தின்னும்.

எந்தத் தொழிலிலும் யாரும் விரும்பாத வேலை இருக்கத்தான் செய்யும். அதை யார் செய்கிறார், எவ்வளவு காலத்துக்குச் செய்கிறார் என்பதுதான் கேள்வி.

இந்தக் கடைகளில் பலகையில் எழுதாத ஒரு வரிசை இருக்கிறது. பிரஷர் கன் பிடித்துத் தண்ணீர் அடிப்பவர் ஒருவர். நின்றபடி, தள்ளி நின்று செய்கிற வேலை அது. துணியோடு உள்ளே நுழைகிறவர் இன்னொருவர். அண்மைக்காலமாக டீட்டெயிலிங் என்று பெயர் மாற்றிக்கொண்ட கடைகளில் மேலே இன்னொரு அடுக்கும் வந்திருக்கிறது: கண்ணாடி அறைக்குள் பாலிஷ் மெஷின் ஓட்டி, செராமிக் கோட்டிங் போடுகிறவர். அவருக்குச் சீருடை உண்டு, டெக்னீஷியன் என்ற பெயரும் உண்டு. துணி பிடிக்கிறவருக்குப் பெயர் ‘பையன்’. முப்பத்தைந்து வயதானாலும் பையன்தான்.

நான் பேசிய கடைகளில் துணியோடு உள்ளே நுழைகிறவர்கள் பெரும்பாலும் காலனியிலிருந்து வருகிறவர்கள். சில கடைகளைப் பார்த்துவிட்டு கடற்கரை முழுவதற்கும் நான் கணக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு முதலாளி சொன்ன பதில் பலர் மனதில் இருப்பதுதான்: “சாதி பாத்து வைக்கலைங்க. அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம், முகம் சுளிக்க மாட்டாங்க.” அவர் கெட்டவர் இல்லை. கடன் வாங்கிக் கடை போட்டவர், காலை ஆறு மணிக்கே ஷட்டரைத் தூக்குகிறவர். ஆனால் அடுத்தவர் வாந்தி ஒரு மனிதருக்கு எப்படிப் பழக்கமாகும்? முகம் சுளித்தால் நாளைக்கு வேலை இருக்காது என்பதைத்தான் அவர் பழக்கம் என்கிறார்.

1936இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர், சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் அல்ல, வேலை செய்கிறவர்களைப் பிரித்து அடுக்குவது என்று விளக்கினார். இதை நாம் அடிக்கடி சொல்கிறோம். அதே இடத்தில் அவர் சொன்ன இன்னொன்றை அவ்வளவாகப் பேசுவதில்லை: இழிவு ஒட்டப்பட்ட வேலையை அதைச் செய்கிறவரே வெறுக்கிறார்; மனமும் மூளையும் ஒட்டாத வேலையில் திறமையை எங்கே எதிர்பார்ப்பது என்று கேட்டார். “பசங்க சரியா வேலை செய்யறதில்ல” என்று புலம்பும் முதலாளிகள் படிக்க வேண்டிய பக்கம் அது.

வண்டிக்கும் சாதிக்கும் உள்ள உறவை அவர் தன் உடம்பிலேயே அனுபவித்தார். 1929இல் சாலிஸ்கான் ரயில் நிலையத்தில் இறங்கிய அவரை மகர் குடியிருப்புக்கு ஏற்றிப்போக குதிரை வண்டிக்காரர்கள் யாரும் வரவில்லை. வண்டியை வாடகைக்குத் தரச் சம்மதித்தார்கள், ஓட்ட மறுத்தார்கள். ஓட்டத் தெரியாத ஒருவர் ஓட்டியதில் பாலத்தில் சக்கரம் மாட்டி, அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டுக் கால் முறிந்தது. கவனியுங்கள், வண்டி தீட்டாகிவிடும் என்பது அங்கே சிக்கலாக இல்லை. ஒரு தீண்டப்படாதவருக்கு நான் வேலை செய்வதா என்பதுதான் சிக்கல். வேலை என்ன என்பதைவிட, யார் யாருக்குச் செய்வது என்பதையே சாதி முதலில் பார்க்கிறது. குழந்தையின் வாந்தியைத் தாய் துடைக்கும்போது அதில் இழிவு இல்லை. முன்பின் தெரியாத நான்கு பேர் குடித்துவிட்டு எடுத்ததை, அவர்கள் பக்கத்து டீக்கடையில் சிரித்துக்கொண்டு நிற்கும்போது, ‘டேய்’ என்று அழைக்கப்படுகிற ஒருவர் துடைக்கும்போது இருக்கிறது.

இதை எதிர்த்துப் பேசினால் உடனே ஒரு பதில் வரும்: எல்லோரும் கீழிருந்துதானே வருகிறார்கள்? லாரியைப் பாருங்கள் என்பார்கள். சரி, பார்ப்போம். லாரியில் டிரைவருக்கு அடுத்தவருக்குப் பெயரே கிளீனர். கண்ணாடி துடைப்பார், டயரைத் தட்டிப் பார்ப்பார், சமைப்பார், திட்டு வாங்குவார். ஆனால் ராத்திரி ஆளில்லாத சாலையில் டிரைவர் ஸ்டியரிங்கை அவரிடம் கொடுத்துப் பழக்குவார். சில வருடங்களில் கிளீனர் டிரைவர் ஆவார். மெக்கானிக் பட்டறையில் மண்ணெண்ணெயில் ஸ்பேனர் கழுவுகிற சிறுவன் ஒருநாள் இன்ஜினைப் பிரிப்பான். அங்கேயும் சுரண்டல் உண்டு, அடி உதை உண்டு. ஆனாலும் அழுக்கு வேலை அங்கே ஒரு படி. வாட்டர் வாஷ் கடையில் துணிக்கு மேல் படி இல்லை. செராமிக் கோட்டிங் கற்றுக்கொள்ளச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்பப்படுகிறவர் முதலாளியின் தங்கை மகனாக இருக்கிறார். எட்டு வருடம் துணி பிடித்தவருக்கு பஃபிங் மெஷினைத் தொடக்கூட விடுவதில்லை, பெயின்ட் போய்விடுமாம். மெஷின் வந்தால் சாதி போகும் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. மெஷின் வந்திருக்கிறது, யார் கையில் என்பது மட்டும் மாறவில்லை.

பின் கண்ணாடிக்கு வருகிறேன். இந்த வட்டாரத்தில் வருகிற வண்டிகள் பலவற்றின் பின் கண்ணாடியில் சாதிப் பெயரோ, சாதித் தலைவர் படமோ, அந்தச் சாதிக்கென்று வைத்துக்கொண்ட சின்னமோ ஒட்டியிருக்கிறது. பிரஷர் கன்னை நேராக அடித்தால் ஸ்டிக்கரின் ஓரம் கிளம்பிவிடும். அதனால் அந்தப் பகுதியை மட்டும் கையால், ஈரத்துணியால், எழுத்து எழுத்தாகத் துடைக்க வேண்டும். துணி யார் கையில் இருக்கிறது என்று மேலே சொன்னேன். “வாந்திகூடப் பரவால்லண்ணா, அது நாத்தம்தான். இது கிழிஞ்சா அடி விழும்” என்றார் ஒரு தம்பி. எந்தச் சாதிப் பெருமைக்கு எதிரே அவர் அப்பா கைகட்டி நின்றாரோ, அந்தப் பெயரை அவர் இன்று பளபளவென்று துடைத்துக் கொடுக்கிறார்.

இந்தச் சாலையில் இது வெறும் ஸ்டிக்கர் இல்லை. 2013 ஏப்ரல் 25 அன்று மாமல்லபுரத்தில் நடந்த வன்னியர் சங்க சித்திரைத் திருவிழாவுக்குப் போன வண்டிகள் மரக்காணத்தைக் கடக்கும்போது மோதல் மூண்டு, தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. அன்று பள்ளியில் படித்தவர்களின் வயதுதான் இன்று துணி பிடிக்கிறவர்களின் வயது. காவல், பத்திரிகை, வழக்குரைஞர் என்று வண்டியில் ஒட்டிக்கொள்வதற்கு எதிராகச் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024 மே மாதம் அபராதம் விதிக்கத் தொடங்கியது. உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, 2025 செப்டம்பரில் வண்டிகளில் சாதிப் பெயர் கூடாது என்று உத்தரப் பிரதேச அரசே ஆணை போட்டது. யோகி ஆட்சியின் நேர்மை பற்றி எனக்கு மயக்கம் எதுவும் இல்லை. ஆனால் சமூகநீதி மாநிலம் என்று நாள்தோறும் சொல்லிக்கொள்ளும் நமக்கு அதைக் காட்டிலும் தெளிவான ஓர் ஆணை போடுவதில் என்ன தயக்கம்?

உப்புக் காற்று இரும்பைத் தின்னும், கடற்கரைக்குப் போய்வந்தால் அடிப்பாகத்தைக் கழுவுங்கள் என்று கார் கம்பெனிகள் சொல்கின்றன. மரக்காணம் உப்பளத்தில் நாள் முழுக்க நிற்கிற தொழிலாளரின் கால் வெடித்துப் புண்ணாவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. சோப்பு நீரில் நிற்கிறவர்களின் கால்விரல் இடுக்கும் அப்படித்தான் இருக்கிறது. காருக்கு ஆன்டி ரஸ்ட் கோட்டிங் இருக்கிறது. ரப்பர் பூட்ஸ் வாங்கித்தர யாருக்கும் தோன்றவில்லை.

சட்டத்தின் கண்ணிலும் இவர்கள் சரியாகப் படவில்லை. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றார்கள். துணிக்கடைப் பெண்களின் கால்வலியை அது அடையாளம் கண்டது, நல்லது. நாள் முழுக்கக் குந்தியும் கவிழ்ந்தும் கிடக்கிற முதுகைப் பற்றிப் பேச இன்னும் ஆள் இல்லை. அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கும் வாகனம் பழுதுபார்ப்பவர்களுக்கும் நல வாரியம் இருக்கிறது. அதன் பெயரில் ஓட்டுகிறவர் இருக்கிறார், பழுதுபார்ப்பவர் இருக்கிறார், கழுவுகிறவர் இல்லை. அவரையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியலின, பழங்குடித் தொழில் முனைவோருக்கு 35 விழுக்காடு மூலதன மானியம் உண்டு. ஆனால் மெஷினைத் தொட்டறியாதவர் திட்ட அறிக்கையில் எந்த அனுபவத்தை எழுதுவார்? மெயின் ரோட்டில் யாருடைய மனையை அவருக்கு வாடகைக்குத் தருவார்கள்? மானியத்துக்கு முன்னால் பயிற்சி வேண்டும். இந்தக் கடைகளில் ஏற்கெனவே வேலை செய்கிறவர்களுக்கு, சம்பளத்தோடு கூடிய பயிற்சி.

சாலை பெரிதாகிறது. மரக்காணம் முதல் புதுச்சேரி வரை 46 கிலோமீட்டரை 2,157 கோடி ரூபாயில் நான்கு வழியாக்க ஒன்றிய அமைச்சரவை 2025 ஆகஸ்டில் ஒப்புதல் தந்தது. வண்டி கூடும், கடை கூடும், துணி பிடிக்கிற கைகளும் கூடும்.

இதைப் படிக்கிற தோழர்களில் பலர் இதே சாலையில் வார இறுதிக்கு வந்து போகிறவர்கள்தான். வாந்தி என்றால் பல கடைகளில் தனிக்கட்டணம் வாங்குகிறார்கள். அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று அடுத்த முறை கல்லாவில் கேளுங்கள். நான் ஒரு கடையில் கேட்டேன். “அது வாக்யூம் மெஷின் தேய்மானத்துக்கு சார்” என்றார்கள்.