மகாமகத்தில் குருவையும் காட்டுங்கள்

கும்பகோணத்தில் நவக்கிரக ட்ரிப் அடிக்கிற வேன் டிரைவர் நான். காலையில் திங்களூரில் தொடங்கி, ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் என்று சுற்றி, இருட்டிய பிறகு திருநள்ளாற்றில் முடிப்பேன். இந்த ஊர் அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் படித்தவன். ராமானுஜனும் அங்கேதான் படித்தார். அவர் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டைவிட்டார். நான் எல்லாவற்றிலும் தேறி ஸ்டியரிங் பிடித்திருக்கிறேன்.

என் வேனில் வருகிறவர்கள் கிரகங்களைத் தேடி மதுரையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள். செவ்வாய்க்குத் துவரை, புதனுக்குப் பச்சைப்பயறு, சனிக்கு எள் என்று பை நிறைய வைத்திருப்பார்கள். திருநள்ளாற்றை விட்டு வண்டி கிளம்பும்போது சில மாதங்களில் சனி தலைக்கு மேலேயே நிற்கும். கண்ணாடியை இறக்கி ஒருவரும் பார்ப்பதில்லை. வண்டியை நிறுத்தி, “அம்மா, அதோ அதுதான் சனி” என்று காட்டினால், “ஐயோ தம்பி, நேரா பார்க்கலாமா?” என்று கேட்பார்கள். பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையில் என் கட்சி. பார்க்கிறதுக்கு நம் மாவட்டத்தில் ஏற்பாடு வேண்டும், அதை 2028 மாசி மகாமகத்தில் தொடங்க வேண்டும்.

ஏன் மகாமகம்? குரு என்கிற வியாழன் சிம்மத்தில், சூரியன் கும்பத்தில், நிலா மகத்தில் என்பது அதன் கணக்கு. சிம்மத்துக்கு நேர் எதிர் ராசி கும்பம். ஒரு பக்கம் சூரியன், எதிர்ப்பக்கம் வியாழன், நடுவில் நாம். அப்படி நிற்கும்போதுதான் வியாழன் நமக்கு மிக அருகில் வருகிறது. சூரியன் மறைகிற நேரத்தில் கிழக்கே எழுந்து, விடியும்வரை வானத்தில் இருக்கும். 2004-ல் மார்ச் 4, 2016-ல் மார்ச் 8, 2028-ல் மார்ச் 12: வியாழன் சூரியனுக்கு நேர் எதிரில் வருகிற நாட்கள் இவை. ஒவ்வொரு முறையும் நாலு நாள் தள்ளிப்போகிறது பாருங்கள். வியாழன் ஒரு சுற்று முடிப்பது சரியாகப் பன்னிரண்டு ஆண்டில் இல்லை, 11.86 ஆண்டில். இந்தச் சிறு வித்தியாசம் சேர்ந்து சேர்ந்துதான் 1945-க்கு அடுத்த மகாமகம் பதினோராம் ஆண்டிலேயே, 1956-ல் வந்துவிட்டது.

ஆக, மகாமகக் குளத்தில் முழுக்குப் போட்டவர் அன்று பொழுது சாய்ந்ததும் கிழக்கே திரும்பினால் போதும். முழுநிலா, அதற்குச் சற்றுக் கீழே கண் சிமிட்டாத வெளிச்சப் புள்ளி. எந்தக் குருவுக்காக வந்தாரோ அந்தக் குரு. அங்கே இருந்து இங்கே சுமார் 66 கோடி கிலோமீட்டர். வெளிச்சம் வந்து சேர முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு, என் வேன் கும்பகோணத்திலிருந்து ஆலங்குடி குரு கோயிலுக்குப் போகிற நேரம். ஒரு சின்னத் தொலைநோக்கியை வைத்தால் அந்தப் புள்ளி வட்டமாகும், குறுக்கே பட்டைகள் தெரியும், பக்கத்தில் நாலு நிலாக்கள் வரிசையாக நிற்கும். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்தது இதைத்தான். மறுநாள் ராத்திரி பார்த்தால் அந்த நாலும் இடம் மாறியிருக்கும். எல்லாமே பூமியைத்தான் சுற்றுகின்றன என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போயிற்று.

ஒரு பயணியின் சின்னப் பெண் கேட்டாள்: “அண்ணா, பூமிக்கு எந்தக் கோயில்?” பள்ளிக்கூடத்தில் எட்டுக் கோள் படிக்கிறாள், இங்கே ஒன்பது கிரகம் சுற்றுகிறாள், பட்டியல் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாதுதான். சூரியன் நட்சத்திரம், சந்திரன் நம்மைச் சுற்றுகிற துணைக்கோள். ராகுவும் கேதுவும் பொருளே அல்ல, நிலாவின் பாதையும் சூரியன் போவதாக நமக்குத் தெரிகிற பாதையும் வெட்டிக்கொள்கிற இரண்டு இடங்கள். அமாவாசையோ பௌர்ணமியோ அந்த இடங்களுக்குப் பக்கத்தில் நேர்ந்தால்தான் கிரகணம். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெட்டுப்புள்ளி பதினெட்டரை ஆண்டுக்கு ஒரு சுற்று வருகிறது என்று கணக்குப் போட்டவர்களை நான் சாதாரணமாக நினைக்க மாட்டேன். மிச்சம் ஐந்துதான் கோள்: புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி. அதோடு பூமியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1781-ல் தொலைநோக்கியில் சிக்கிய யுரேனஸ், 1846-ல் கண்ட நெப்டியூன், ஆக எட்டு. 1930-ல் உள்ளே வந்த புளூட்டோவை 2006-ல் வெளியே அனுப்பிவிட்டார்கள். ராகு, கேதுவுக்கு அந்தச் சிக்கல் வராது.

கண்ணுக்குத் தெரிகிற அந்த ஐந்தையும் பார்க்க நம் சீமை தோதான இடம். மலை மறைக்காத தட்டை நிலம். சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாத புதனைப் பிடிக்க அடிவானம் சுத்தமாக இருக்க வேண்டும், பூம்புகார்க் கடற்கரை அதற்கென்றே இருக்கிறது. விடிவெள்ளியை நாற்றுப் பறிக்கப் போகிறவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாண வரம் கேட்டுக் கஞ்சனூர் வருகிறவர்களிடம் மட்டும், அந்த வெள்ளியில் 460 டிகிரி சூடு, கந்தக அமில மேகம் என்று நான் சொல்வதில்லை. மாசியில் சம்பா அறுவடை முடிந்து உளுந்தும் பயறும் தலைகாட்டியிருக்கும், மழை அபூர்வம்.

சாமியை விட்டுவிட்டு வானத்தைப் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை. என் பிழைப்பே அந்த ஒன்பது சாமிதான். ஆனால் சனிப் பெயர்ச்சி திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29, திருநள்ளாறு பின்பற்றுகிற வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச் 6. ஏறக்குறைய ஒரு வருஷ வித்தியாசம். பயணிகள் குழம்புகிறார்கள், எனக்கு இரண்டு சீசன். வாக்கியக் கணக்கு பல நூற்றாண்டுக்கு முன்னே கட்டியது, இம்மியளவு பிழை சேர்ந்து இப்போது மாதக்கணக்கில் நிற்கிறது. சனி எங்கே நிற்கிறது என்று வானத்தைக் கேட்கலாமே. 29½ ஆண்டில் ஒரு சுற்று, ராசிக்கு இரண்டரை ஆண்டு. தொலைநோக்கியில் அதன் வளையத்தைப் பார்த்தவர் ஏழரையை மறக்கிறாரோ இல்லையோ, வாய் பிளந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கூட்டம்தான் பயம் என்பார்கள். 1992-ல் நெரிசலில் உயிர் பறிகொடுத்த ஊர் இது, அந்தப் பயம் நியாயம். அதனால் குளக்கரையில் வேண்டவே வேண்டாம். ஊருக்கு வெளியே வண்டிகளை நிறுத்தச் சொல்கிற திடல்களில் வைக்கலாம். அங்கே ஜனங்கள் பஸ்ஸுக்காக மணிக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லூரி இயற்பியல் மாணவர்கள் இருக்கிறார்கள், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள் வருவார்கள், திருச்சி அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம் பக்கத்தில்தான். தடுப்புக்கட்டைக்கு ஆகிற செலவில் ஒரு துளிகூட இதற்கு ஆகாது.

மேகம் மறைத்தால்? 1769-ல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்தார் லெ ஜந்தி என்ற பிரெஞ்சுக்காரர். அன்று காலை பார்த்து மேகம் மூடிவிட்டது. அங்கேயே தமிழ்க் கணக்கர்களிடம் கிரகணக் கணக்குப் படித்ததுதான் அவருக்கு மிச்சம். வெள்ளி தவறினால் நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். வியாழன் அப்படி இல்லை, மகாமகத்துக்கு முன்னும் பின்னும் மாதக்கணக்கில் இரவு வானத்தில் இருக்கும். கூட்டம் வருவதற்கு முந்தின வாரமே பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் விடுங்கள், வண்டிச் செலவு என்னுடையது.