டெண்டருக்கு முன்னால் ஒரு பட்டியல்

வந்தவாசி சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு கிரயப் பத்திரம் பதிவாகிறது. நிலம் முழுசாகக் கைமாறுகிறது, உட்பிரிவு செய்ய வேண்டியதில்லை என்றால் வாங்கியவர் பட்டாவுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு அலைய வேண்டாம். பெயர் தானாக மாறிவிடும். இத்தனைக்கும் பதிவுத்துறையின் ‘ஸ்டார் 2.0’ 2018-இல் நடைமுறைக்கு வந்த, டி.சி.எஸ். நிறுவனம் உருவாக்கிய மென்பொருள். வருவாய்த்துறையின் ‘தமிழ் நிலம்’ தேசிய தகவலியல் மையத்தின் தயாரிப்பு. துறையும் வேறு, செய்தவர்களும் வேறு. என்ன கேட்கலாம், எந்த வடிவத்தில் கேட்க வேண்டும், என்ன பதில் வரும் என்று இரண்டுக்கும் நடுவே பேசிவைத்த ஏற்பாடு ஒன்று இருப்பதால்தான் பட்டா மாறுகிறது. மென்பொருள்காரர்கள் அதை ஏபிஐ என்கிறார்கள்.

புதிதாக எழுதும் மென்பொருளில் இதை முதல் நாளே திட்டமிட்டுக்கொள்ளலாம். சிக்கல் பழையதில்தான். கட்டணம், ரசீது, பட்டியல், அறிக்கை எல்லாம் ஒரே நிரலுக்குள் பின்னிக் கிடக்கும். வந்தவாசிக் கோரைப்பாயின் நடுவிலிருந்து ஒரு கோரையை மட்டும் உருவப் பார்ப்பது போலத்தான் அதைப் பிரிப்பதும். எழுதியவர்கள் ஓய்வு பெற்றிருப்பார்கள்.

ரயில் முன்பதிவு இதற்குப் பெரிய உதாரணம். 1980-களின் நடுவில் டெல்லியில் தொடங்கிய கணினி முன்பதிவு, பிறகு சென்னை உட்பட ஐந்து மையங்களில் வேரூன்றியது. ஃபோர்ட்ரான், சி மொழிகளில் எழுதிய நிரல் அது. 2002-இல் ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் டிக்கெட் விற்க ஆரம்பித்தபோது வெளிப்பக்கம் மட்டும்தான் புதிது. இருக்கையை ஒதுக்கியது பழைய அமைப்பே. அப்போது அச்சிட்ட டிக்கெட் கூரியரில் வீடு தேடி வந்தது பலருக்கு நினைவிருக்கும். நிமிடத்துக்கு 32,000 டிக்கெட் என்றிருந்ததை ஒன்றரை லட்சத்துக்கு மேல் உயர்த்தும் புதிய அமைப்பு பற்றி 2025-இல் ரயில்வே அறிவித்தது. கவுன்ட்டர், செயலி, சார்ட், பரிசோதகர் கையிலிருக்கும் கருவி என ஒவ்வொன்றும் பழைய நிரலின் எந்தப் பகுதியை நம்பியிருக்கிறது என்று தெரியாமல் அதில் கை வைக்க முடியாது.

அந்தத் தேடலை இப்போது கருவிகளே செய்கின்றன. நிரலை ஓடவிடாமல் படித்து, எந்தப் பகுதி எதை அழைக்கிறது, எந்தத் தரவைத் தொடுகிறது என்று வரைபடம் போடுவது ஒரு வழி. ஓடும்போது கூடவே இருந்து குறித்துக்கொள்வது இன்னொன்று. ஐ.பி.எம்.மின் ‘மோனோ டு மைக்ரோ’ ஜாவா நிரல்களுக்கு இரண்டையும் சேர்த்துச் செய்து, ஒட்டுறவுள்ள பகுதிகளைக் குழுக்களாகப் பிரித்துக் காட்டுகிறது. ஒரு குழு இன்னொன்றை அழைக்கும் இடங்கள்தான் ஏபிஐ ஆகத் தகுதியுள்ள இடங்கள். ஆள் வைத்து மாதக்கணக்கில் துழாவ வேண்டிய வேலை இது. கருவியை வேண்டாம் என்பது வறட்டுப் பிடிவாதம்.

ஆனால் கூட இருந்து பார்ப்பது, பார்த்த நாளைப் பொறுத்தது. ஆடியில் பத்திரப்பதிவு மந்தம். முகூர்த்த நாள் வந்துவிட்டால் ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு 100 டோக்கனுக்குப் பதிலாக 150 தருவது துறையின் வழக்கம். ஆடியில் மட்டும் கண்காணித்த கருவிக்கு, கூட்ட நாளில் மட்டும் ஓடும் பகுதி கண்ணிலேயே படாமல் போகலாம்.

நேர் எதிரான ஆபத்தும் உண்டு. ஓடவிடாமல் நிரலைப் படிக்க மட்டும் செய்தால், எப்போதோ கைவிட்ட பகுதியும் உயிரோடு இருப்பதாகவே தெரியலாம். அமெரிக்காவின் நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 2003-லேயே கைவிட்ட நிரல் பகுதி ஒன்று நீக்கப்படாமல் கிடந்தது. அதைக் கிளப்பிவிடும் குறியீட்டையே 2012-இல் ஒரு புதிய வசதிக்கும் சூட்டினார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றில் புதிய நிரல் ஏறவில்லை. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும் அந்த ஒரு சர்வரில் பழையது விழித்துக்கொண்டது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

இன்னொன்றும் கருவிக்குப் பிடிபடாது. கிரயப் பத்திரங்களில் ‘பழைய சர்வே எண், புதிய சர்வே எண்’ என்று இரண்டும் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். இந்த இடத்தில் சர்வே எண் கைமாறுகிறது என்று கருவி சரியாகவே சொல்லும். எந்த எண், எந்தக் கிராமத்துக்கு எது செல்லும், வில்லங்கச் சான்றை எதைப் போட்டுத் தேட வேண்டும் என்பதெல்லாம் சார்பதிவாளர் அலுவலக உதவியாளருக்கும், அனுபவப்பட்ட பத்திர எழுத்தருக்கும், தாலுகா சர்வேயருக்கும் தெரிந்த விஷயம். எந்த ஒப்பந்த நிறுவனமும் இவர்களைத் தேடி வந்து கேட்பதில்லை.

பதிவுத்துறை அடுத்து ஸ்டார் 3.0-ஐக் கையில் எடுத்திருக்கிறது. இதுபோன்ற மாற்றங்களில், ஏபிஐகளைக் கண்டுபிடிக்கும் வேலையையும் டெண்டர் எடுத்த நிறுவனத்தின் தலையிலேயே கட்டிவிடுவது சுலபமான வழி. அப்படிச் செய்தால் பட்டியல் அந்த நிறுவனத்தின் கணினியில் தங்கிவிடும். அடுத்த டெண்டரில் வேறு யாரும் போட்டியிட முடியாது. முறை தலைகீழாக இருக்க வேண்டும். டெண்டர் விடும் முன்பே துறை பழைய நிரலைக் கருவிக்குக் கொடுத்துப் பட்டியல் எடுக்கட்டும். நான்கைந்து ஊர்களின் பணியாளர்களை உட்கார வைத்து வரிவரியாகச் சரிபார்க்கட்டும். அதையே டெண்டரோடு இணைக்கட்டும்.

இதனால் வேலை சில மாதம் தள்ளிப்போகும் என்பார்கள். போகட்டும். பட்டா தவறான பெயருக்கு மாறினால் அதைத் திருத்த ஒரு விவசாயி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நடக்கும் காலத்தை யாரும் திட்டச் செலவில் சேர்ப்பதில்லை. அதைவிட அவசரமான கேள்வி, பழைய நிரலின் மூலப்பிரதி அரசின் கையில் இருக்கிறதா என்பது. அது அரசுக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதாத துறைகளிடம், கருவி வாங்கினாலும் அதற்குப் படிக்கக் கொடுக்க எதுவும் இருக்காது.