காற்றை முதலில் வாங்குகிறவள்

கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூருக்கு சைக்கிளில் போகவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். “ஐயையோ! பஸ்ஸிலே போனாலே தலை சுத்துது, சைக்கிளிலா?” என்கிறீர்களா? சும்மா மனசுக்குள்ளே ஒரு பயணம்தான் சகோதரிகளே, கால் வலிக்காது.

கச்சிராயபாளையம் வரைக்கும் சமவெளி. வழியெல்லாம் கரும்பும் நெல்லும். எதிர்க்காற்று முகத்திலே வந்து அறையும். கோமுகி அணையைத் தாண்டினால் கல்வராயன் மலை ஆரம்பம். வளைந்து வளைந்து ஏறுகிற பாதை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். மேலே போய்ச் சேர்ந்தால் குளுகுளுவென்று காற்று, மலையாளிப் பழங்குடி மக்களின் சாமைக் கொல்லை, கேழ்வரகுக் கொல்லை, மரவள்ளித் தோட்டம்.

ஏழு பெண்கள் ஓர் அணியாகக் கிளம்புகிறார்கள். ஏழு பேரில் ஒருத்தியை, மற்ற அணிக்காரர்களுக்கெல்லாம் முன்னால், கரியாலூரில் கொண்டு சேர்க்கவேண்டும். மீதி ஆறு பேர் என்ன செய்வார்கள்? ‘அவளுக்குத் தெம்பு இருந்தா அவ போறா, இவங்க எதுக்கு?’ என்றுதானே கேட்கத் தோன்றுகிறது. வெளிநாட்டுச் சைக்கிள் பந்தயங்களைப் பிள்ளைகள் செல்போனில் பார்க்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்க்கிற அம்மாக்களுக்கும் இதே சந்தேகம்தான் வரும். அவ்வளவு வேகமாக முன்னால் போனவர் மலையடிவாரம் வந்ததும் ஒதுங்கி விடுகிறார். பின்னால் பதுங்கி வந்தவர் பரிசைத் தட்டிக்கொண்டு போகிறார். இது என்ன நியாயம்?

நியாயம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பிரான்ஸ் தேசத்தில் 1903-ஆம் வருஷம் தொடங்கிய ‘டூர் டி பிரான்ஸ்’ பந்தயம் மூன்று வாரம் நடக்கிறது. பெண்களுக்கு 1955-இல் ஒருமுறையும், 1984 முதல் சில வருஷங்களும் நடத்திப் பிறகு விட்டுவிட்டார்கள். 2022-லிருந்து புதிதாகத் தொடங்கி வருஷா வருஷம் நடத்துகிறார்கள். தினம் ஒரு ஊரில் கிளம்பி இன்னொரு ஊரில் முடிப்பார்கள். அதுதான் ஒரு கட்டம். எல்லா நாளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிப் பார்த்து, யாருக்குக் குறைவோ அவரே வெற்றி பெற்றவர். மொத்தக் கணக்கில் முன்னணியில் இருப்பவருக்கு மஞ்சள் சட்டை. பெண்கள் பந்தயத்தில் ஓர் அணிக்கு ஏழு பேர், ஆண்களுக்கு எட்டு.

இதில் பெரிய எதிரி யார் தெரியுமா? பக்கத்து அணி இல்லை, காற்று! சமவெளியில் வேகமாகப் போகும்போது மிதிக்கிற பலத்தில் பெரும்பங்கை எதிர்க்காற்றே தின்றுவிடும். ஆனால் ஒருவருக்குப் பின்னால் சக்கரத்தோடு சக்கரம் ஒட்டினாற்போல் போனால், முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார். பின்னால் வருகிறவருக்கு ஏறக்குறைய 30 சதவீதம் உழைப்பு மிச்சம். நம் கரும்புக்காட்டுச் சாலையில் ஆறு பேரும் மாறி மாறி முன்னால் போய்க் காற்றை வாங்குவது இதற்குத்தான். மலை ஏறும்போது வேகம் குறைந்துவிடும், காற்றுக்கு அவ்வளவு வேலை இல்லை. அங்கே அவரவர் காலும் மூச்சும்தான். அதுவரை தெம்பைச் சேர்த்து வைத்திருந்த தலைவி அங்கே தனியே கிளம்புவாள். கோமுகி அணையோடு ஒதுங்கி நின்றவள் தோற்றவள் இல்லை. அவள் வேலை முடிந்தது, அவ்வளவுதான்.

அணிக்குள்ளே இன்னும் பல வேலைகள் உண்டு. தலைவிக்குத் தாகம் எடுத்தால், ஒருத்தி பின்தங்கி, பின்னால் வருகிற அணிக் காரிடம் போய், தண்ணீர்ப் புட்டிகளை வாங்கிச் சட்டைக்குள்ளே முன்னும் பின்னும் திணித்துக்கொண்டு, மறுபடி விரட்டி மிதித்து எல்லோருக்கும் கொடுக்கவேண்டும். குடத்தை இடுப்பிலே வைத்துத் தண்ணீர் சுமந்தவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும்! தலைவியின் சைக்கிள் கெட்டால் தன் சைக்கிளைக் கொடுக்கவேண்டும். காரில் இருக்கிற பயிற்சியாளர் சொல்வதைக் கேட்டு, ரோட்டிலேயே முடிவெடுக்கிற அனுபவசாலி ஒருவரும் இருப்பார். அவர் ‘ரோடு கேப்டன்’.

இந்த உதவிக்காரருக்கு என்ன பெயர் தெரியுமா? ‘தொமெஸ்டிக்’. பிரெஞ்சு மொழியில் வீட்டு வேலைக்காரர் என்று பொருள். 1911-இல் மொரீஸ் ப்ரொக்கோ என்ற வீரர், தான் ஜெயிக்க வழியில்லை என்றதும் இன்னொருவருக்கு உதவப் போனார். பந்தயத்தை நடத்திய ஆன்ரி தெக்ராஞ்சுக்கு அது பிடிக்கவில்லை. வசவாகச் சொன்ன சொல் அது. இன்றைக்கு அதே சொல் ஒரு தொழிலின் பெயர். அதற்கென்று ஆளைத் தேடி எடுக்கிறார்கள், ஒப்பந்தம் போடுகிறார்கள், சம்பளம் தருகிறார்கள். ஜெயித்தவர் தன் பரிசுப் பணத்தைக் கூட இருந்தவர்களோடு பங்கு போட்டுக்கொள்வது அங்கே நெடுநாள் வழக்கம்.

ஆனால் எல்லாம் சுமுகமாகவே நடந்துவிடுவதில்லை. 1934-இல் ரெனே வியெத்தோ என்ற இருபது வயதுப் பையன். மலை ஏறுவதில் சூரன். தலைவர் ஆன்தொனின் மாஞ்சின் சக்கரம் பழுதானபோது தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்திருந்தான். மறுநாள் தலைவருக்கு மறுபடியும் சங்கடம். முன்னால் போய்விட்டவன் வந்த வழியே திரும்பி மலை ஏறிப் போய் உதவினான். மாஞ் பந்தயத்தை ஜெயித்தார். வியெத்தோவுக்கு ஐந்தாம் இடம். அவனே ஜெயித்திருப்பானோ என்ற பேச்சு அவன் காலத்துக்குப் பிறகும் ஓயவில்லை.

உதவிக்காரருக்கு முறை வந்த கதையும் உண்டு. அமெரிக்காக்காரர் செப் குஸ் பல வருஷம் மற்றவர்களுக்காக மலையில் மிதித்தவர். 2023-இல் அவர் உதவி செய்த ரொக்லிச் இத்தாலிப் பந்தயத்தையும், விங்கெகோர் பிரான்ஸ் பந்தயத்தையும் ஜெயித்தார்கள். அதே வருஷம் ஸ்பெயின் பந்தயத்தில் தற்செயலாகக் குஸ்ஸுக்கு முதலிடம் கிடைத்துவிட்டது. அங்லிரு என்ற கடுமையான மலையில் அந்த இரண்டு தலைவர்களும் அவரை விட்டுவிட்டு முன்னால் போனார்கள். அவருடைய முன்னணி எட்டே விநாடியாகக் குறைந்தது. பார்த்தவர்களுக்கு மனசு பொறுக்கவில்லை. பிறகு அணி ஒரு முடிவுக்கு வந்தது: ‘இந்தத் தடவை குஸ்தான் தலைவர்.’ இருவரும் அதன்படி நடந்தார்கள். குஸ் முதலிடம், விங்கெகோர் இரண்டு, ரொக்லிச் மூன்று.

பெண்கள் பந்தயத்தில் 2024 ஆகஸ்டில் நடந்ததையும் சொல்லவேண்டும். முந்தின வருஷம் ஜெயித்த நெதர்லாந்தின் டெமி வொல்லரிங் மஞ்சள் சட்டையோடு இருந்தார். ஐந்தாம் கட்டத்தில், முடிவுக்கு ஆறேழு கிலோமீட்டர் இருக்கும்போது கூட்டத்தோடு விழுந்தார். அடிபட்ட உடம்போடு எழுந்து வந்து சேர்வதற்குள் ஒன்றே முக்கால் நிமிஷத்துக்கு மேல் போய்விட்டது. அதே நாளில் அந்தக் கட்டத்தை ஜெயித்தவர் யார்? அவருடைய அணியிலேயே இருந்த பிளாங்கா வாஷ்! ‘தலைவி விழுந்தால் எல்லோரும் நின்றிருக்க வேண்டாமா?’ என்று ஒரு சாரார், ‘கையில் வந்த வெற்றியை விடுவதா?’ என்று ஒரு சாரார். கடைசி நாள் ஆல்ப் துவெஸ் மலை, 21 வளைவுகள். வொல்லரிங் அன்றைக்கு முதலாவதாக வந்தார். ஆனாலும் மொத்தக் கணக்கில் போலந்தின் காசியா நியெவியாதோமா ஜெயித்துவிட்டார். வித்தியாசம் நாலே நாலு விநாடி! டூர் சரித்திரத்திலேயே, ஆண்கள் பந்தயத்தையும் சேர்த்து, இதைவிடக் குறைந்த வித்தியாசம் இருந்ததில்லை. விழுந்த பிறகு யார் நிற்பது என்று யோசிக்க நேரமே கிடையாது என்பதை அந்த நாலு விநாடி காட்டிவிட்டது.

“அதெல்லாம் சரி, வீடும் உடம்பும் பற்றிப் பேசுகிற பக்கத்தில் இது எதுக்கு?” என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நம் வீட்டில் காற்றை முதலில் வாங்குகிறவள் யார்? நாலரை மணிக்கு எழுந்து தண்ணீர் பிடிக்கிறவள், அடுப்பு மூட்டுகிறவள், டிபன் கட்டுகிறவள், அதற்குப் பிறகு தானும் வேலைக்கு ஓடுகிறவள். அவள் சக்கரத்துக்குப் பின்னால் மொத்தக் குடும்பமும் சுகமாக வருகிறது. தப்பில்லை, உதவி செய்வது கேவலமான காரியமும் இல்லை. ஆனால் பந்தய அணியில் உதவிக்காரருக்குக் கிடைக்கிற மூன்று விஷயங்கள் நமக்குக் கிடைக்கின்றனவா என்று பாருங்கள்.

முதலாவது சாப்பாடு. நீண்ட கட்டத்தில் வீராங்கனைகள் மணிக்கு 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து சாப்பிடுகிறார்கள். பசி எடுக்கும்வரை காத்திருப்பதில்லை. கணக்கு வைத்துச் சாப்பிடுகிறார்கள். குழைந்த சோற்றில் இனிப்புச் சேர்த்துத் துண்டு போட்டு, காகிதத்தில் பொட்டலம் கட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். நம் கட்டுசாதம்தான் போங்கள்! இதில் தலைவிக்கு ஒரு நியாயம், உதவிக்காரிக்கு ஒரு நியாயம் கிடையாது. முன்னால் காற்றை வாங்குகிறவளுக்குத்தான் அதிகமாகவே செலவாகிறது. அவள் சாப்பிடாமல் மயங்கினால் தலைவியும் அனாதை.

நம் வீட்டிலோ முன்னால் போகிறவள் கடைசியில் சாப்பிடுகிறாள், மிச்சமிருந்தால்! இதன் பலன் என்ன? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நூற்றுக்கு ஐம்பத்து மூன்று பேர்! படி ஏறினால் மூச்சு வாங்குவது, எப்போதும் அசதி, தலைசுற்றல், காரணமில்லாத எரிச்சல்... ‘வேலை ஜாஸ்தி, அதான்’ என்று தள்ளிவிடுகிறோம். ரத்தசோகைக்குக் காரணம் பல உண்டு: மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, வயிற்றுப் பூச்சி, அடுத்தடுத்த பிரசவம். ஆனால் தட்டில் கடைசியாக வந்து சேர்கிற சோறும் ரசமும் அதில் ஒன்று என்பதை மறுக்க முடியுமா?

இரண்டாவது, முறை. சமவெளிக் காற்றை ஒரே ஆள் நாள் முழுக்க வாங்குவதில்லை. கொஞ்ச நேரம் இவள், பிறகு அவள். வீட்டிலும் யார் தலைவர் என்பது காலத்துக்கு ஏற்ப மாறத்தான் வேண்டும். பிள்ளைக்குப் பொதுத்தேர்வா, அந்த மூன்று மாதம் அவன் தலைவன். மாமியாருக்குக் கண் ஆபரேஷனா, அப்போது அவர். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாளா, அவள். சரி, உங்களுக்குக் காய்ச்சல் வந்தால்? அந்த நாளில் நீங்கள்தான் மஞ்சள் சட்டை. யார் சமைப்பது, யார் தண்ணீர் பிடிப்பது, யார் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது என்பதை உடம்பு நன்றாக இருக்கிறபோதே பேசி வைத்துவிடுங்கள். விழுந்த பிறகு கூட்டம் போட முடியாது.

மூன்றாவது, பங்கு. பரிசு வாங்கினவர் தன் கூட்டாளிகளின் பெயரைச் சொல்கிறார், பணத்தையும் பகிர்கிறார். நம் வீட்டில் அவளுக்கென்று அவள் கையில் கொஞ்சம் பணமும், தினம் அரை மணி நேரமும் இருக்கட்டும். அவள் உழைப்பு கணக்கில் ஏறட்டும்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஆயிரமாயிரம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். சைக்கிள் பழகின யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த ஒரு கை இருந்திருக்கும். நம் வீட்டிலும் அந்தக் கை ஆண்பிள்ளைகளுடையதாகவும் இருக்கலாமே!

இனி இந்தப் பதினைந்து நாளில் செய்யவேண்டியவை:

ஒன்று, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். 12 கிராமுக்குக் குறைந்தால், கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தால், டாக்டரிடம் காட்டவேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். தெம்பு வந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

இரண்டு, முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை, ஈரல் இவற்றில் முடிந்ததைச் சேருங்கள். கூடவே எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட உடனே டீ, காப்பி வேண்டாம். ஒரு மணி நேரம் போகட்டும்.

மூன்று, காலையில் அடுப்படியில் நிற்கும்போதே ஒரு வேர்க்கடலை உருண்டையோ வாழைப்பழமோ வாயில் போட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகிற மகளின் பையிலும் ஒன்று வையுங்கள். மகனுக்கு வைக்கிற அதே அளவில்.

நான்கு, இன்று ராத்திரி எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். “நான் அப்புறமா சாப்பிட்டுக்கறேன்” என்ற வார்த்தையை மட்டும் ஒரு பதினைந்து நாளைக்குச் சொல்லாமல் இருந்து பாருங்கள். வீடு என்ன சொல்கிறது என்று எழுதுங்கள். அடுத்த இதழில் பேசுவோம்.