எந்த நிலத்து நோய் இது?

மாசு எல்லாரையும் ஒண்ணாத்தான் பாதிக்குது, காத்துக்கு ஏது சாதி என்கிறார்கள் நமது சுற்றுச்சூழல் நண்பர்கள். மேடையில் கைதட்டு வாங்கும் வாக்கியம்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்து அதைச் சொல்லட்டும்.

எம்.ஏ. தமிழில் எனக்கு ஐந்திணை பாடம் நடந்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள், மற்றதெல்லாம் அப்புறம்தான் என்று பெருமையோடு சொல்லிக்கொடுத்தார்கள். சித்த மருத்துவ நூல்கள் இன்னும் ஒரு படி மேலே போய் நிலத்துக்கு நிலம் நோய் சொல்கின்றன. மருதத்துக்கு மட்டும் நோயே இல்லையாம். ஆரணியாறும் கொசத்தலையாறும் பாயுற எங்க பக்கம் மருத நிலம்தான். சேத்துல நின்னு நாத்து நட்ட எங்க ஆயாவுக்குச் சேத்துப்புண்ணு ஆறின வருசமே கிடையாது. நோயில்லை என்று எழுதியவன் வரப்பில் நின்றவன். சேற்றில் நின்றவளை அவன் கேட்கவில்லை.

அந்தச் சேற்று நிலமும் அவளுடையதில்லை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைப் பாருங்கள். பறையர் குடியிருக்கும் மனைகூட மிராசுதார் பிடியில் இருந்ததை ஒரு வெள்ளைக்காரன் எழுதிவைக்க வேண்டியிருந்தது. 1997இல் தனி மாவட்டமான திருவள்ளூர் அன்றைக்கு அந்தச் செங்கல்பட்டுக்குள்தான் இருந்தது. ஊருக்கு மேடு, சேரிக்குப் பள்ளம் என்று வகுத்த அதே கணக்கின் மேல்தான் தொழிற்பேட்டை வந்து உட்கார்ந்தது. நிலம் வைத்திருந்தவன் நல்ல விலைக்கு விற்றுவிட்டுச் சென்னைக்குப் போனான். பட்டா இல்லாதவன் எதை வித்துட்டு எங்க போவான்?

பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலைகள், பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கும் ஆலைகள். உலை வாயில் நிற்பது யார்? சேரிப் பையன்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஒப்பந்தக்காரன் அள்ளிக்கொண்டு வந்தவர்கள். ஈயம் ரத்தத்தில் கலந்து, சுண்ணாம்புச் சத்து போகும் பாதையிலேயே போய் எலும்பில் குடியேறிக்கொள்ளும். வேலையை விட்டாலும் வருசக்கணக்கில் விடாது. சட்டையில் ஒட்டிய தூசு வீட்டுக்கு வந்து குழந்தையின் மூளையைத் தின்னும். குழந்தைகளுக்கு இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

என் சித்தப்பா மகன் அப்படியொரு ஆலையில் மூணு வருசம் உலையில் நின்றான். வயித்துவலி, கை நடுக்கம், ரத்தசோகை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "குடிப்பியா?" என்று மூன்று தடவை கேட்டார் டாக்டர். என்ன வேலை செய்யறே என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. இரும்புச் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். நோயாளியிடம் அவன் தொழிலையும் கேள் என்று இத்தாலி மருத்துவர் ரமஸ்ஸினி 1700லேயே புத்தகத்தில் எழுதிவிட்டார்.

"எந்த ஊரு, ஊர்ல எங்க?" என்று டீக்கடையிலிருந்து வாடகை வீடு வரைக்கும் நம்மைக் கேட்காத ஆள் உண்டா? சாதியைக் கண்டுபிடிக்க அந்தக் கேள்வி வேண்டியிருக்கிறது. நோயைக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் அது காணாமல் போய்விடுகிறது. தொழில்நோய்ப் பட்டியலில் ஈயம் எப்போதோ ஏறிவிட்டது. ஆனால் சீட்டில் குடிகாரன் என்று எழுதப்பட்டவனுக்குத் தொழில்நோய் எப்படி வரும்? ஆலை தப்பிக்கிறது, அரசாங்கம் தப்பிக்கிறது. பழி மட்டும் அவன் தலையில்.

1927இல் மகத் குளத்துத் தண்ணியைத் தொடுறதுக்கே அம்பேத்கர் போராட வேண்டியிருந்தது. நல்ல தண்ணியைத் தொட்டால் தீட்டு. விஷத்தைத் தொட்டால் மட்டும் யாருக்கும் தீட்டில்லை, நம்மைக் கூப்பிட்டே தொடச் சொல்கிறார்கள்.

நாம் கேட்பது பெரிய சங்கதி இல்லை. ஓ.பி. சீட்டில் நோயாளியின் தொழிலும் குடியிருக்கும் தெருவும் எழுதப்பட வேண்டும். ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் சோதனை கும்மிடிப்பூண்டியிலேயே இலவசமாக நடக்க வேண்டும். அதற்காக 45 கிலோமீட்டர் தள்ளிச் சென்னைக்கு ரயிலேறினால் அன்றைய கூலி போச்சு. சிப்காட்டைச் சுற்றியுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் பார்க்க வேண்டும். ஒப்பந்தக் கூலியின் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

மாணவத் தோழர்களே, அதுவரைக்கும் நாமே எழுதுவோம். ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போங்கள். யாருக்கு என்ன நோய், எந்த ஆலை, எத்தனை வருசம் என்று குறியுங்கள். ஐந்து நிலத்தையும் எழுதி வைத்தவர்கள் சேரியை எழுதவில்லை. அதை நாமதான் எழுதணும்.