பூனைகளையும் கணக்கில் கொள்க

வளர்ப்புப் பிராணிகளுக்கான உரிம நடைமுறை வெறிநோய்த் தடுப்பூசியோடு நின்றுவிடக் கூடாது. பூனைகளின் குடற்புழு நீக்கமும் அதில் இடம்பெற வேண்டும். சென்னை மாநகராட்சி 2025இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியபோது எழுந்த பேச்செல்லாம் நாய்களைச் சுற்றியே இருந்தது. தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட எங்கள் கீழ்க்கட்டளையின் அடுக்குமாடி வீடுகளில் வாசல் தாண்டாமல் வளரும் பூனைக்குப் புழு எப்படி வரும் என்று பலர் எண்ணுகிறார்கள். தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு உருளைப்புழு வந்துவிடும். உடலை நக்கும்போது தெள்ளுப்பூச்சியை விழுங்கினால் நாடாப்புழு. புழு மட்டுமல்ல, எலியும் பச்சை இறைச்சியும் டாக்சோபிளாஸ்மா கிருமியையும் கொண்டுவரும். இக்கிருமி கருவைப் பாதிக்கும் என்று அஞ்சி, வீட்டில் ஒரு பெண் கருவுற்றதும் பூனையைத் தெருவில் விடுவது அறியாமை, கொடுமையும்கூட. மலத்தில் வெளியேறும் அக்கிருமி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். கர்ப்பிணி அல்லாத ஒருவர் அன்றன்றே மணல்தட்டைச் சுத்தம் செய்தால் ஆபத்து பெருமளவு குறையும். தெள்ளுப்பூச்சியை ஒழிக்க எண்ணி நாய்களுக்கான பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தைப் பூனைக்குப் பூசுவதோ அதன் உயிரையே பறிக்கக்கூடியது. மருந்துக் கடைகள் இதைச் சொல்லி விற்க வேண்டும். பல்லாவரம் உள்ளிட்ட ஐந்து நகராட்சிகளை இணைத்து 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சி, மக்களை வேப்பேரி கால்நடை மருத்துவமனை வரை அலையவிடாமல், கால்நடை பராமரிப்புத் துறையுடன் சேர்ந்து கீழ்க்கட்டளையிலேயே மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இலவசப் புழுநீக்க முகாம் நடத்த வேண்டும். அடுத்த மாமன்றக் கூட்டத்திலேயே இதற்கு நிதி ஒதுக்குக.