குவாண்டம் சாவி: பழவேற்காடு மீனவரின் செல்போனுக்கும் பாதுகாப்பு கிடைக்குமா?

ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்ற அறிவிப்பு, பழவேற்காடு மீனவக் கிராமங்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவில்தான் இஸ்ரோவின் ஏவுதளம் இருக்கிறது. அதே இஸ்ரோ இப்போது குவாண்டம் ரகசியத் தொடர்பிலும் இறங்கியிருக்கிறது. இதனால் இந்த ஊர்களுக்கு என்ன பயன்?

குவாண்டம் சாவி என்றால் என்ன?

யுபிஐ முதல் வாட்ஸ்அப் வரை தகவல்கள் பூட்டப்பட்டே போகின்றன. அந்தப் பூட்டின் சாவியை இரு முனைகளும் பகிர்ந்துகொள்வது, தீர்க்கக் கடினமான கணக்குகளை நம்பித்தான். திறன்மிக்க குவாண்டம் கணினி வந்தால், இப்போது புழங்கும் பல கணக்குகள் உடைந்துவிடும். குவாண்டம் முறையில் சாவி ஒளித்துகள்கள் வழியே போகிறது. நடுவில் யாராவது ஒட்டுப் பார்த்தால் துகளின் நிலை மாறி, திருட்டு தெரிந்துவிடும். அந்தச் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு அனுப்பலாம்.

இந்தியா எங்கே நிற்கிறது?

2021-ல் இஸ்ரோ அகமதாபாத்தில் 300 மீட்டர் தூரத்துக்கு வெட்டவெளியில் இதைச் செய்து காட்டியது. 2022-ல் டிஆர்டிஓவும் ஐஐடி டெல்லியும் பிரயாக்ராஜ் - விந்தியாச்சல் இடையே 100 கி.மீ.க்கு மேல் கண்ணாடி இழையில் சாதித்தன. இழையில் தூரம் கூடக்கூட ஒளி தேய்ந்துவிடும். அதனால்தான் 2023-ல் ரூ.6,003.65 கோடியில் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் திட்டம், செயற்கைக்கோள் வழியே 2,000 கி.மீ. தொடர்பை இலக்காக வைத்திருக்கிறது. சீனா 2016-லேயே இதற்கென மீசியஸ் செயற்கைக்கோளை ஏவிவிட்டது.

சரி, மீனவருக்கு?

நேரடியாக ஒன்றும் இல்லை. இதற்குத் தனிக் கருவிகள் வேண்டும். ராணுவம், அரசு, வங்கித் தலைமையகங்களுக்குத்தான் கட்டுப்படியாகும். இன்னொன்று, கடலில் நிற்கும் படகுக்கு வரும் புயல் எச்சரிக்கை ரகசியமே இல்லை. அது போலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். குவாண்டம் சாவி ஒட்டுக்கேட்பதைக் காட்டிக்கொடுக்கும். எதிர்முனையில் இருப்பது யார் என்பதை அது தானாகச் சொல்லாது.

அதற்குத் தேவை டிஜிட்டல் கையொப்பம். குவாண்டம் கணினியைத் தாங்கும் புதிய கணக்குகளுக்கு அமெரிக்காவின் என்ஐஎஸ்டி அமைப்பு 2024 ஆகஸ்டில் 3 தரநிலைகளை வெளியிட்டது. அவற்றில் 2 கையொப்பத்துக்கானவை. இவற்றுக்குச் செயற்கைக்கோள் வேண்டாம். மென்பொருள் அப்டேட்டே போதும்.

சிக்கலும் அங்கேதான். அப்டேட் நின்றுபோன பழைய போனை வைத்திருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு எப்படிப் போய்ச் சேரும்? குவாண்டம் திட்டத்தின் பலன் கரை வரை வருமா என்பது இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.